பழைய ஸ்னாப்ஷாட்டுகளைக் காப்பக அடுக்குக்கு மாற்றுதல்: எதை மாற்றினால் பில் குறையும், எதை மாற்றினால் ஏறும்

பினாங்கில் ஜார்ஜ்டவுன் மொத்த வணிகக் கடைகளுக்கும் பிறை, பாயான் லெப்பாஸ் பகுதிகளில் உள்ள சிறு தொழிற்சாலைகளுக்கும் சர்வர் பராமரிக்கும் வேலையில், மாத இறுதியில் காதில் விழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: சர்வரைப் பெரிதாக்கவில்லை, புதிதாக எதையும் வாங்கவில்லை, அப்படியிருக்க கிளவுட் பில் மட்டும் ஏன் மாதாமாதம் ஏறுகிறது? பல இடங்களில் காரணம், யாரும் அழிக்கத் துணியாத ஸ்னாப்ஷாட்டுகள், அதாவது சர்வர் வட்டு ஒரு நேரத்தில் இருந்த நிலையைப் பிடித்து வைக்கும் காப்புப் பிரதிகள். துணியாததிலும் நியாயம் உண்டு. மலேசியாவின் 2016ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டமும் 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமும் கணக்குப் பதிவுகளை 7 ஆண்டுகள் பாதுகாக்கச் சொல்கின்றன; எது கணக்கு, எது குப்பை என்று பிரித்துப் பார்க்க நேரமில்லாதவர்கள் எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். விலை டாலரில் நிர்ணயிக்கப்படுகிறது. அதன்மேல் 2020 ஜனவரி 1 முதல் டிஜிட்டல் சேவைகளுக்கும் நீட்டிக்கப்பட்ட சேவை வரி, 2024 மார்ச் 1 முதல் 6 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக உயர்ந்துவிட்டது.

இந்த வழிகாட்டி அமேசான் வெப் சர்வீசஸின் எலாஸ்டிக் பிளாக் ஸ்டோர் (இபிஎஸ்) என்ற சேவை தரும் சர்வர் வட்டுகளிலிருந்து எடுக்கப்படும் ஸ்னாப்ஷாட்டுகளைப் பற்றியது. அவற்றுக்கென ஒரு காப்பக அடுக்கு, அதாவது அரிதாகத் தேவைப்படுவதை மலிவாக வைக்கும் சேமிப்பு வகை, 2021 நவம்பரில் அறிமுகமானது. அமெரிக்காவின் வர்ஜீனியா வட்டார (தரவு மையங்கள் அமைந்த பகுதி) விலைப்படி, வழக்கமான அடுக்கில் ஒரு ஜிபிக்கு மாதம் 0.05 டாலர், காப்பக அடுக்கில் 0.0125 டாலர். கணக்கு எளிதாக இருப்பதற்காகக் கீழே எல்லா இடங்களிலும் இந்த விலையையே பயன்படுத்துகிறேன். உங்கள் வட்டாரத்தின் விலையை நிறுவனத்தின் விலைப்பக்கத்தில் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். 75 சதவீதம் மலிவு என்றதும் கை தானாகப் பொத்தானை நோக்கிப் போகும். ஆனால் நான்கில் ஒரு பங்காகக் குறைவது ஒரு ஜிபியின் விலை மட்டும்தான். ஜிபிகளின் எண்ணிக்கை அதே செயலில் பல மடங்கு பெருகக்கூடும்.

பேரேடும் பரணும்

ஸ்னாப்ஷாட் உள்ளுக்குள் எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் மேலே போவது வீண். வட்டு 512 கிபிபைட் (அரை எம்பி) அளவுள்ள பிளாக்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முதல் ஸ்னாப்ஷாட், அதுவரை எழுதப்பட்ட எல்லா பிளாக்குகளையும் சேமிக்கிறது. அடுத்தது, முந்தையதற்குப் பின் மாறிய பிளாக்குகளை மட்டும் சேமித்துக்கொண்டு, மாறாதவற்றுக்கு முந்தையதைச் சுட்டுகிறது. கடையில் பேரேட்டை ஒருமுறை முழுதாக எழுதி வைத்துவிட்டு, பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு துண்டுச் சீட்டில் அன்றைய மாற்றங்களை மட்டும் குறித்து, மீதிக்கு நேற்றையதைப் பார்க்க என்று எழுதுவது போன்றது இது. சீட்டுகள் அருகருகே இருக்கும்வரை இந்த ஏற்பாடு மிகச் சிக்கனமானது.

அந்தச் சீட்டுகளில் ஒன்றைப் பரணில் போட விரும்பினால், பரணில் இருக்கும் சீட்டு மேசையில் இருக்கும் சீட்டைச் சுட்ட முடியாது. ஆகவே பரணுக்குப் போகும்போது அது தனித்து நிற்கும் ஒரு முழுப் பேரேடாகப் பிரதியெடுக்கப்படுகிறது. காப்பக அடுக்கு செய்வதும் இதையேதான்: துணுக்காக இருந்த ஸ்னாப்ஷாட் முழு ஸ்னாப்ஷாட்டாக மாற்றப்பட்டு, அந்த முழு அளவுக்கே கட்டணம் விதிக்கப்படுகிறது. அதே வேளையில், மேசையில் மிஞ்சிய சீட்டுகள் இன்னும் சுட்டிக்கொண்டிருக்கும் பிளாக்குகள் வழக்கமான அடுக்கிலேயே தங்கிவிடுகின்றன. அவற்றுக்கான கட்டணமும் நிற்காது.

எண்களில் பார்ப்போம். 200 ஜிபி எழுதப்பட்ட ஒரு வட்டு, நாளுக்கு 2 ஜிபி மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளின் ஸ்னாப்ஷாட் வழக்கமான அடுக்கில் இருந்தால் அதற்கு மாதம் 0.10 டாலர். அதைக் காப்பகத்துக்கு அனுப்பினால் 200 ஜிபிக்கும் சேர்த்து மாதம் 2.50 டாலர், அதாவது 25 மடங்கு. மாறாக, ஒரு பழைய சர்வரை நிறுத்திவிட்டு, அதன் கடைசி ஸ்னாப்ஷாட் ஒன்றை மட்டும் வைத்திருக்கிறீர்கள் என்றால், அது ஏற்கெனவே 200 ஜிபியையும் தனியாகச் சுமந்துகொண்டிருக்கிறது: மாதம் 10 டாலர். அதைக் காப்பகப்படுத்தினால் 2.50 டாலர். 7 ஆண்டுகளுக்கு, அதாவது 84 மாதங்களுக்கு, 840 டாலர் 210 டாலராகிறது.

இரண்டு விலைகளின் விகிதத்திலிருந்தே எல்லைக்கோடும் கிடைத்துவிடுகிறது. ஒரு ஸ்னாப்ஷாட்டைக் காப்பகப்படுத்துவதால் வழக்கமான அடுக்கிலிருந்து விடுபடும் அளவு, அந்த ஸ்னாப்ஷாட்டின் முழு அளவில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் மட்டுமே சேமிப்பு உண்டு. 200 ஜிபி வட்டுக்கு அந்த எல்லை 50 ஜிபி.

இதை நான் முதலில் கற்றுக்கொண்டது ஆவணம் படித்து அல்ல. 120 ஜிபி வட்டு ஒன்றின் தினசரி ஸ்னாப்ஷாட்டுகளில் 20ஐ ஒரே மூச்சில் காப்பகத்துக்கு அனுப்பினேன். நாளொன்றுக்கு ஏறக்குறைய 1.5 ஜிபி மாறிக்கொண்டிருந்த வட்டு அது. இங்கே எடுத்துக்கொண்ட விலையில் சொன்னால், மாதம் 1.50 டாலருக்கு அடங்கியிருந்தது 30 டாலரானது. தவறை உணர்ந்து உடனே அழித்தும் பயனில்லை. காப்பக அடுக்கில் குறைந்தபட்ச இருப்புக் காலம் 90 நாள். அதற்கு முன் அழித்தாலும் நிரந்தரமாக மீட்டாலும் மீதி நாட்களின் கட்டணம் வந்தே தீரும். கடைக்காரரிடம் அந்த மூன்று மாதக் கணக்கை விளக்கிய பிற்பகல் இன்னும் நினைவிருக்கிறது.

படி 1: என்ன இருக்கிறது என்று பார்த்தல்

நிர்வாகப் பக்கத்தில் ஈசி2 (கிளவுட் சர்வர்களுக்கான சேவை) பகுதிக்குச் சென்று, ஒவ்வொரு வட்டாரமாக, உங்கள் கணக்குக்குச் சொந்தமான ஸ்னாப்ஷாட்டுகளைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொரு வட்டாரமாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். அமேசானின் மலேசிய வட்டாரம் 2024 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் நம் ஊர் நிறுவனங்களுக்கு மிக அருகில் இருந்தது 2010இல் தொடங்கிய சிங்கப்பூர் வட்டாரம். சர்வரை இங்கே மாற்றிவிட்டு, பழைய ஸ்னாப்ஷாட்டுகளை அங்கேயே மறந்துவிட்டவர்கள் உண்டு. இந்த மறதிதான் காப்பகத்துக்கு மிகப் பொருத்தமான சரக்கு, ஏனெனில் அவற்றின் மூல வட்டு அழிந்துவிட்டது, அந்த வரிசையில் புதிய ஸ்னாப்ஷாட்டும் இனி சேரப்போவதில்லை.

பட்டியலில் தெரியும் வட்டு அளவைக் கட்டண அளவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 500 ஜிபி வட்டில் 200 ஜிபி மட்டும் எழுதப்பட்டிருந்தாலும் அங்கே 500 என்றே காட்டும். ஒவ்வொன்றுக்கும் நான்கு விவரங்களை ஒரு விரிதாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த வட்டிலிருந்து எடுத்தது, அந்த வட்டு இன்னும் உயிரோடு இருக்கிறதா, எந்தத் தேதி, யார் எதற்காகக் கேட்டார்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாதவைதான் பட்டியலில் பாதி இருக்கும்; உரிமையாளரிடமோ கணக்காளரிடமோ கேட்டு முடிவு செய்வது தவிர வேறு வழியில்லை.

அழிக்க வேண்டியதை அழிப்பது காப்பகப்படுத்துவதைவிட எப்போதும் மலிவு. 2010ஆம் ஆண்டு தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேவை முடிந்த தனிப்பட்ட தரவை வைத்திருக்கக் கூடாது என்கிறது. வேலையை விட்டுப் போனவர்களின் அடையாள அட்டை நகல்கள் இருக்கும் பழைய மனிதவள சர்வரை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று பரணில் ஏற்றுவது சிக்கனமும் அல்ல, சட்டத்துக்கு உகந்ததும் அல்ல. அழிப்பதற்கு முன், அழித்ததைச் சில காலம் வைத்திருக்கும் ரீசைக்கிள் பின் வசதியில் ஒரு வைப்பு விதியை அமைத்துக்கொண்டால், கை தவறி அழித்ததை மீட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்தக் காலம் முடியும்வரை அழித்த ஸ்னாப்ஷாட்டுக்கும் கட்டணம் உண்டு என்பதால், அழித்த மறுநாளே பில் இறங்கவில்லை என்று பதறாதீர்கள்.

படி 2: அளத்தல்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் நான் செய்த தவற்றைச் செய்வார்கள். அளக்க வேண்டியவை இரண்டு: ஸ்னாப்ஷாட்டின் முழு அளவு, அதைக் காப்பகப்படுத்தினால் வழக்கமான அடுக்கிலிருந்து விடுபடும் அளவு.

முழு அளவை ஸ்னாப்ஷாட்டின் விவரப் பகுதியிலேயே பார்க்கலாம். நிரல்வழி எடுப்பவர்கள் இபிஎஸ் டைரக்ட் ஏபிஐயின் லிஸ்ட் ஸ்னாப்ஷாட் பிளாக்ஸ் அழைப்பில் வரும் பிளாக்குகளை எண்ணலாம். 2,048 பிளாக்குகள் சேர்ந்தால் ஒரு ஜிபி. இங்கே கவனிக்க வேண்டியது, முழு அளவு என்பது எழுதப்பட்ட பிளாக்குகளின் அளவு, இப்போது உள்ள கோப்புகளின் அளவு அல்ல. ஒரு காலத்தில் 180 ஜிபி நிரம்பி, பிறகு பாதி கோப்புகளை அழித்துவிட்ட வட்டின் ஸ்னாப்ஷாட், அழித்த கோப்புகள் கிடந்த பிளாக்குகளையும் சுமந்துகொண்டிருக்கலாம். ஒரு சர்வரை நிறுத்துவதற்கு முன் கடைசி ஸ்னாப்ஷாட் எடுக்கப்போகிறீர்கள் என்றால், தேவையான கோப்புகளை மட்டும் ஒரு புதிய சிறிய வட்டுக்கு நகலெடுத்து, அந்த வட்டிலிருந்து எடுப்பது 7 ஆண்டுகளுக்கும் பலன் தரும் வேலை.

விடுபடும் அளவுக்கு லிஸ்ட் சேஞ்ச்டு பிளாக்ஸ் அழைப்பு தேவை. சித்திரை, வைகாசி, ஆனி என்று மூன்று ஸ்னாப்ஷாட்டுகள் ஒரே வட்டிலிருந்து வரிசையாக எடுக்கப்பட்டிருக்கின்றன, வைகாசியைக் காப்பகப்படுத்த நினைக்கிறீர்கள் என்று கொள்வோம். சித்திரைக்கும் வைகாசிக்கும் இடையில் மாறிய பிளாக்குகளை ஒரு பட்டியலாகவும், வைகாசிக்கும் ஆனிக்கும் இடையில் மாறியவற்றை இன்னொரு பட்டியலாகவும் எடுங்கள். இரண்டு பட்டியலிலும் இருக்கும் பிளாக்குகள் மட்டுமே வைகாசிக்கே உரியவை. முதல் பட்டியலில் இல்லாதவற்றைச் சித்திரையும் வைத்திருக்கிறது, இரண்டாவதில் இல்லாதவற்றை ஆனியும் வைத்திருக்கிறது. அவை எங்கும் போகப்போவதில்லை. இரண்டிலும் உள்ளவை 1,02,400 பிளாக்குகள் என்றால் 50 ஜிபி, அதாவது நமது 200 ஜிபி எடுத்துக்காட்டில் சரியாக எல்லைக்கோட்டில் நிற்கிறது. இத்தகையவற்றை நான் தொடுவதில்லை. மீட்புக் கட்டணம், 90 நாள் கட்டு ஆகியவற்றைப் பார்க்கும்போது பாதிக்கு மேல் விடுபட்டால்தான் கை வைப்பேன்.

நீண்ட இடைவெளியில் எடுத்தவை என்றால் கண்டிப்பாகச் சேமிப்பு உண்டு என்று நினைப்பதும் சரியல்ல. கணக்கு மென்பொருளின் தரவுத்தளம் பெரும்பாலும் வளரும், பழைய பதிவுகள் மாறுவதில்லை. நிதியாண்டுக்கு ஒன்றாக வைத்திருந்தாலும் அடுத்தடுத்த ஆண்டுகளின் ஸ்னாப்ஷாட்டுகள் பெரும்பகுதியைப் பகிர்ந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்துவமான பகுதி 30 ஜிபி என்றால் வழக்கமான அடுக்கில் அதற்கு மாதம் 1.50 டாலர், காப்பகத்தில் முழு 200 ஜிபிக்கு 2.50 டாலர், இருந்த இடத்திலேயே விடுவதுதான் நல்லது. மாறாக, தீபாவளிக்கு முன் சரக்குப் பட்டியலை முழுதாக மாற்றி ஏற்றும் துணிக்கடையின் தரவுத்தளமும், அடிக்கடி மறுகுறியீடு (ரீஇண்டெக்ஸ்) செய்யப்படும் தரவுத்தளமும் ஏராளமான பிளாக்குகளைத் திருப்பி எழுதுகின்றன. ஒரு வரி மாறினாலும் 512 கிபிபைட் பிளாக் முழுவதும் மாறியதாகவே கணக்கு. அத்தகைய வட்டுகளில் மாத ஸ்னாப்ஷாட்கூடக் காப்பகத்துக்குத் தகுதி பெறலாம். ஊகம் வேண்டாம், அளந்து பாருங்கள்.

படி 3: தடைகளை நீக்குதல்

பயன்பாட்டில் உள்ள மெஷின் இமேஜ் (புதிய சர்வரை உருவாக்கப் பயன்படும் அச்சு) ஒன்றோடு இணைந்த ஸ்னாப்ஷாட்டைக் காப்பகப்படுத்த முடியாது. அந்த இமேஜை முடக்கவோ பதிவு நீக்கவோ வேண்டும். வேறு கணக்குகளோடு பகிரப்பட்டிருந்தால், காப்பகப்படுத்தியதும் அவர்களுக்கு அணுகல் போய்விடும், ஆகவே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

குறியாக்கம் செய்யப்பட்ட ஸ்னாப்ஷாட்டாக இருந்தால் சாவியைப் பற்றி யோசியுங்கள். அமேசானின் சாவி மேலாண்மைச் சேவையான கேஎம்எஸ்ஸில் உள்ள சாவியை நீக்க உத்தரவிட்டால் 7 முதல் 30 நாட்கள் வரை காத்திருப்புக் காலம் இருக்கும். அது முடிந்தபின் அந்தச் சாவியால் பூட்டிய எதையும் யாராலும் திறக்க முடியாது. சர்வரை நிறுத்தும் அன்றே பழைய சாவிகளையும் துப்புரவு செய்துவிடும் ஆர்வலர் எல்லா அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். சாவியின் விவரக் குறிப்பில் எந்த ஆண்டு வரை நீக்கக்கூடாது என்று எழுதி வையுங்கள்.

படி 4: காப்பகப்படுத்துதல்

செயல் சிறியது. வரிசையில் ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தால், தேவையற்றவற்றை முதலில் அழித்து, வைத்துக்கொள்ளப்போவதை மட்டும் மிச்சப்படுத்துங்கள். முந்தையவற்றை அழித்தால் கடைசியது கெட்டுவிடும் என்ற பயம் வேண்டாம், அதற்குத் தேவையான பிளாக்குகளைச் சேவையே பாதுகாக்கும். பிறகு ஸ்னாப்ஷாட்டைத் தேர்ந்து, ஆக்‌ஷன்ஸ் பட்டியலில் ஆர்க்கைவ் ஸ்னாப்ஷாட் என்பதை அழுத்துங்கள். உடனே முடியாது; நிலையை ஸ்டோரேஜ் டியர் தாவலில் பார்த்துக்கொள்ளலாம். முதல் முறை ஒன்றே ஒன்றை மட்டும் அனுப்பி, அடுத்த பில்லைப் பார்த்தபின் மற்றவற்றைத் தொடுங்கள். எந்த ஆண்டின் கணக்கு, எதுவரை வைக்க வேண்டும், எந்த மென்பொருள் பதிப்பு ஆகியவற்றைக் குறிச்சொற்களாக அப்போதே ஒட்டிவிடுங்கள்.

தானியக்கமாக்க விரும்பினால், ஸ்னாப்ஷாட்டுகளை அட்டவணைப்படி கையாளும் டேட்டா லைஃப்சைக்கிள் மேனேஜரில் கொள்கை அமைக்கலாம். 28 நாளோ அதற்கு மேலோ இடைவெளியுள்ள அட்டவணைகளுக்கு மட்டுமே அது காப்பக வசதியை அனுமதிக்கிறது. தினசரி ஸ்னாப்ஷாட்டுகளைப் பரணில் ஏற்றும் விபத்தை இந்தக் கட்டுப்பாடு தடுக்கிறது. என்னைப் போன்றவர்களை மனத்தில் வைத்துச் செய்திருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது.

படி 5: மீட்டெடுத்துப் பார்த்தல்

காப்பகத்தில் இருக்கும் ஸ்னாப்ஷாட்டிலிருந்து நேரடியாக வட்டு உருவாக்க முடியாது. முதலில் வழக்கமான அடுக்குக்கு மீட்க வேண்டும், அதற்கு 72 மணி நேரம் வரை ஆகலாம். மீட்பை இரண்டு விதமாகக் கேட்கலாம்: 1 முதல் 180 நாட்கள் வரை தற்காலிகமாக, அல்லது நிரந்தரமாக. தணிக்கையாளருக்கு ஒரு பழைய அறிக்கை வேண்டும் என்பது போன்ற தேவைக்குத் தற்காலிக மீட்பே போதும். காலம் முடிந்ததும் அந்தப் பிரதி தானே நீங்கிவிடும், காப்பகத்தில் இருப்பது அப்படியே இருக்கும். மீட்புக் கட்டணம் ஒரு ஜிபிக்கு 0.03 டாலர், எனவே 200 ஜிபிக்கு 6 டாலர். 7 நாள் வைத்திருந்தால் வழக்கமான அடுக்கின் கட்டணமாக இன்னும் 2.33 டாலர் சேரும். ஒரு மாதச் சேமிப்பான 7.50 டாலரைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அடிக்கடி கேட்கப்படாதவரை கவலையில்லை.

கவலைக்குரியது பணமல்ல, அந்த 72 மணி நேரம். தைப்பூச விடுமுறைக்கு முந்தைய நாள் மாலை கோரிக்கை வைத்தால், தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய்த் திரும்பிய பிறகும் அது முடியாமல் இருக்கலாம். ஆகவே சர்வர் விழுந்தால் எழுப்புவதற்கான அண்மைக்கால ஸ்னாப்ஷாட்டுகளை ஒருபோதும் காப்பகப்படுத்தாதீர்கள். இன்னொன்றும் உண்டு: 2025 ஜூன் 1 முதல், தனிப்பட்ட தரவு கசிந்தால் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் 72 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். கசிவின் தடயம் காப்பக ஸ்னாப்ஷாட்டில் இருந்தால், அறிவிப்புக்கான அவகாசம் முழுவதையும் மீட்பே விழுங்கிவிடக்கூடும். விசாரணைக்குத் தேவைப்படும் பதிவுக் கோப்புகளைத் தனியாக, உடனே எட்டும் இடத்தில் வையுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரு ஸ்னாப்ஷாட்டை மீட்டு, வட்டாக்கி, ஒரு சர்வரில் இணைத்து, கணக்கு மென்பொருள் உண்மையிலேயே திறக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒத்திகையில் பலருக்கு ஓர் உண்மை புலப்படும்: தரவு நலமாக இருக்கிறது, ஆனால் அதைத் திறக்கும் மென்பொருளின் உரிமம் காலாவதியாகிவிட்டது. இதனால்தான், சட்டத்துக்காக வைக்கும் கணக்குகளுக்கு முழு வட்டின் ஸ்னாப்ஷாட்டை மட்டும் நம்புவதை நான் விரும்புவதில்லை. தரவுத்தளத்தை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து, அறிக்கைகளைப் பிடிஎஃப் ஆக்கி, அமேசானின் கோப்புக் காப்பகமான எஸ்3 கிளேசியர் டீப் ஆர்க்கைவில் வைத்தால் ஒரு ஜிபிக்கு மாதம் 0.00099 டாலர்தான். 40 ஜிபி கோப்புக்கு மாதம் 4 சென்ட்டுக்கும் குறைவு. குறைந்தபட்ச இருப்பு 180 நாள், வழக்கமான மீட்பு 12 மணி நேரத்துக்குள். சர்வரை அப்படியே திரும்ப எழுப்ப வேண்டிய தேவை உண்மையில் இருந்தால் மட்டும் ஸ்னாப்ஷாட்டையும் சேர்த்து வையுங்கள்.

படி 6: அடுத்த பில்லைப் படித்தல்

செலவைப் பிரித்துக் காட்டும் காஸ்ட் எக்ஸ்புளோரரில் பயன்பாட்டு வகைவாரியாகப் பிரித்து, வழக்கமான ஸ்னாப்ஷாட் சேமிப்பு, காப்பகச் சேமிப்பு, காப்பக மீட்பு, காலத்துக்கு முந்தைய நீக்கம் ஆகிய வரிகளைத் தனித்தனியாகப் பாருங்கள். முதல் மாதத்தில் காப்பகப்படுத்திய நாளுக்கு முன்னும் பின்னும் கலந்திருக்கும், ஆகவே முழுதாகக் கடந்த இரண்டாவது மாதத்தை ஒப்பிடுவதே சரி. இரண்டாம் படியில் நீங்கள் கணக்கிட்ட விடுபடும் அளவு, முதல் வரியில் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறைந்திருக்க வேண்டும். காப்பக வரி ஏறியும் முதல் வரி அசையவில்லை என்றால், அந்த பிளாக்குகளை வேறொரு ஸ்னாப்ஷாட் இன்னும் சுட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது ரீசைக்கிள் பின்னில் ஒன்று காலம் முடியக் காத்துக்கொண்டிருக்கிறது. இரண்டையும் தேடிப் பாருங்கள்; காலத்துக்கு முந்தைய நீக்க வரியில் ஏதாவது தொகை தெரிந்தால், 90 நாள் முடிவதற்குள் யாரோ எதையோ அழித்திருக்கிறார்கள் அல்லது நிரந்தரமாக மீட்டிருக்கிறார்கள் என்று பொருள்.